வென்டலின் கோயிலின் வடக்குச் சுவர்

இரவு முழுக்கப் பாண் தொழிற்சாலையில் நின்றவன் காலையில் நேரே படுக்கைக்குப் போகவேண்டும். றெஜினோல்ட் ஒன்றரை வருடமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தான். அந்தப் பெப்ரவரிக் காலையில் பஸ் பிந்தியது. காற்றுக்கு ஒதுங்க இடம் தேடி, தரிப்பிடத்துக்குப் பின்னால் நின்ற புனித வென்டலின் கோயிலின் வடக்குச் சுவரில் போய்ச் சாய்ந்தான். நின்றபடியே கண் சொருகிவிட்டது. முதுகு சில்லிட்டுத்தான் விழித்தான். மேலே போட்டிருந்த யக்கற்றைக் கழற்றிப் பார்த்தால் பின்பக்கம் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

மழை பெய்யவில்லை. கூரை வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் உருகும் பனியும் அந்த இடத்தில் விழ வழியில்லை. சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தான். சாம்பல் நிறப் பூச்சில் இடுப்பு உயரத்தில் ஒரு வெடிப்பு ஓடியது. அதன் வழியே நீர் கசிந்தது. விரல் முட்டியால் தட்டினான். வெற்றுத் தகரத்தைத் தட்டியது போலக் கேட்டது. வெடிப்புக்குள் விரலை விட்டான். முதல் மூட்டுவரை தடையில்லாமல் போனது. வெளியே எடுத்தபோது விரலில் சேறு.

சுவருக்குள் சேறு இருந்தது. அதற்குமேல் சீமெந்து பூசியவன் அவன்தான்.

பஸ் வந்து போனது. அவன் ஏறவில்லை.

சுவிஸின் வில் நகரத்தின் மேற்குப் பக்கத்தில், பத்து வருடத்துக்கு முன்வரை மாடு மேய்ந்த நிலத்தில், எட்டு மாடிக் குடியிருப்புகள் வரிசையாக எழுந்துவிட்டன. கார் நிறுத்தும் இடத்துக்கும் பஸ் தரிப்பிடத்துக்கும் இடையில் அந்தக் கோயில் மட்டும் மிஞ்சியிருந்தது. சிறிய கத்தோலிக்கக் கோயில். நாற்பது பேர் முழந்தாளிட்டால் நிறைந்துவிடும். ஒரு பெரிய தீ விபத்துக்குப் பிறகு, மரமும் கல்லும் வாங்க வழியில்லாத விவசாயிகள், வெயிலில் காயவைத்த மண்கல்லால் கட்டியது. நூற்றைம்பது வருடம் நின்றுவிட்டது. அது நிற்கும் இடத்தில் பஸ் திரும்புவதற்கு ஒரு வட்டம் போடவேண்டும் என்று நகரசபையில் சிலர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கர்களுக்குப் போன வருடம் இந்தக் கோயிலை மாதத்தில் ஒரு ஞாயிறு கொடுத்தார்கள். கேட்டு வாங்கியவள் மரியகொறற்றி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். செபக் கூட்டத்தை நடத்துபவளும் அவள்தான். எல்லோருக்கும் கொறற்றி அக்கா. முதல் நாள் வெளியே நின்று, சுண்ணாம்பு உரிந்து மண் தெரிந்த சுவரைப் பார்த்ததும் அவளுடைய முகம் சுருங்கியது.

"இதென்ன, சுவிஸ்காரனிட்டையும் மண் கோயிலோ?"

"எங்களுக்கெண்டு தேடிப் பிடிச்சுக் குடுத்திருக்கிறாங்கள், அக்கா," என்றான் றேமன்ட். றெஜினோல்டோடு ஒரே அறையில் இருப்பவன். உணவகமொன்றில் கோப்பை கழுவினான்.

மன்னார்ப் பக்கத்தில் திருவிழாவுக்கு முன் கோயிலுக்கு வெள்ளை அடிக்காத ஊரை மற்ற ஊர்கள் மதிக்காது. மண்சுவர்க் கோயிலைச் சீமெந்துக் கோயிலாக்கியவர்களுடைய பெயரைக் கல்லில் வெட்டி வாசலில் பதிப்பார்கள். அதனால் ஓகஸ்ட் பதினைந்து, மாதா திருநாளுக்கு முன் என்ன செய்யவேண்டும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. கோயில் சாவியை வைத்திருந்த எக்லி மூன்று கிழமை மலைப்பக்கம் விடுமுறைக்குப் போனான். போகும்போது மாற்றுச் சாவியொன்றைக் கொறற்றி அக்காவிடமே கொடுத்துவைத்தான். திரும்பி வருபவனைத் திடுக்கிட வைக்கலாம் என்று முடிவாயிற்று.

தில்லைநாதன் யாழ்ப்பாணத்துச் சைவன். ஆனாலும் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தத் தவறாதவன். கட்டட வேலை செய்யும் இடத்தில் மிஞ்சிய சீமெந்தை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கி ஒன்பது மூட்டை கொண்டுவந்தான். மேசன் வேலைக்கு றெஜினோல்ட். யாழ்ப்பாணத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டாம் வருடத்தோடு நின்றவன். ஏன் நின்றாய் என்று கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் சொல்லுவான். உண்மை, காலையில் எழும்பப் பிடிக்கவில்லை. அதன் பிறகு ஊரில் ஒரு கொந்தராத்துக்காரனோடு பதினைந்து வருடம் பள்ளிக்கூடங்கள் கட்டினான். சீமெந்து அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்தவரை, மண் என்பது சீமெந்து வாங்க முடியாதவர்களுக்கானது.

இரண்டு சனிக்கிழமை, பன்னிரண்டு பேர். வடக்குச் சுவர் பதினொரு மீற்றர் நீளம், ஆளுயரம். மட்டப்பலகை பிடித்து, கண்ணாடி போல் தேய்த்து முடித்தார்கள். எக்லி வந்த நாளில் முப்பது பேர் வாசலில் நின்றார்கள். அவன் சுவரைத் தடவிப் பார்த்தான்.

"சீமெந்தா?"

"ஓம். நல்ல சீமெந்து," என்றான் றெஜினோல்ட் தன் அரைகுறை ஜெர்மனில்.

எக்லி கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தான். பிறகு எல்லோரையும் பார்த்து நன்றி என்றான். கைதட்டினார்கள்.

அந்தப் பெப்ரவரிக் காலையில் அறைக்கு வந்ததும் றெஜினோல்ட் றேமன்டைத் தட்டி எழுப்பினான். அன்று வேலை இல்லாததால் தில்லைநாதனும் அங்கே கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

"சுவர் ஊறிப்போச்சு. உள்ளுக்குள்ளை சேறு."

"அண்ணை, சுவர் ஊறினதுக்கு என்னை ஏன் எழுப்புறியள்? நான் ரெண்டு மணிக்குப் போகவேணும்," என்று போர்வையை இழுத்தான் றேமன்ட்.

"சீமெந்து என்னண்டு அண்ணை ஊறும்?" என்றான் தில்லைநாதன். "அதாலைதானே தண்ணித்தொட்டியே கட்டுறாங்கள்."

"அதுதான்ரா. நாங்கள் கோயில் சுவரைத் தொட்டியாக்கியிருக்கிறம். தண்ணி உள்ளுக்கு நிக்குது."

தில்லைநாதன் கோப்பையைக் கீழே வைத்தான். "ஒன்பது மூட்டை," என்றான். 

எக்லியைத் தேடிப் போகத் தேவையில்லை. அவன் அந்தப் பகுதிக்குத் தபால்காரன். முப்பத்தெட்டு வயது, ஒல்லி, மஞ்சள் மோட்டார் சைக்கிள். தலைநகர் பேர்னிலிருந்து அகதி விண்ணப்பங்களுக்கு வரும் பதிவுத் தபாலைக் கொண்டுவருபவனும் அவன்தான். அதனால் அங்கிருந்த தமிழர்கள் கடவுளைவிட அவனுடைய பையைத்தான் கூடுதலாகப் பார்த்தார்கள். பத்து மணிக்குக் கடிதப் பெட்டிகளுக்கு முன்னால் றெஜினோல்ட் நிற்பதைக் கண்டதும் எக்லி தூரத்திலேயே தலையாட்டினான்.

"பேர்னிலிருந்து ஒன்றும் இல்லை."

"கடிதம் வேண்டாம். சுவர்."

எக்லி கடிதங்களைப் பெட்டிகளில் போட்டுக்கொண்டே இருந்தான். "தெரியும்," என்றான்.

"எப்போதிலிருந்து தெரியும்?"

"ஓகஸ்டிலிருந்து."

"அன்றைக்கே தெரியுமா? ஏன் சொல்லவில்லை?"

"முப்பது பேர் சிரித்துக்கொண்டு நின்றீர்கள். நான் என்ன சொல்வது?"

றெஜினோல்டுக்கு அவனுடைய கன்னத்தில் ஒன்று போடவேண்டும் போல இருந்தது. ஆனால் எக்லியின் இடத்தில் நின்றிருந்தால் தானும் அப்படித்தான் வாயை மூடியிருப்பான். அதுவும் தெரிந்தது.

தபாலைப் பெட்டிகளில் போட்டபடியே எக்லி மிச்சத்தைச் சொன்னான். அந்தச் சுவர் நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்பு வழியே வெளியே விடும். அதனால்தான் சுண்ணாம்பு உரியும். வருடா வருடம் திரும்ப அடிக்கவேண்டும். சீமெந்து பூசியதும் வெளியே போகும் வழி அடைபட்டுவிட்டது. மார்ச் இருபதாம் திகதி பழைய கட்டடங்களைப் பார்வையிடும் நிபுணர் வருகிறார். சுவர் உறுதி என்று அவர் எழுதினால் கோயில் நிற்கும். இல்லையென்றால் பஸ் அங்கே திரும்பும்.

"இன்றைக்கே எல்லாத்தையும் உடைத்து எடுக்கிறேன்," என்றான் றெஜினோல்ட்.

"எடுத்தால் சுவரும் கூடவே வரும். இப்போது அதைப் பிடித்துக்கொண்டிருப்பதே உன்னுடைய சீமெந்துதான்."

ஒரு மீற்றர் உடைக்கவேண்டும். அடுத்த மீற்றரை விடவேண்டும். உடைத்த இடத்தில் கரைந்த மண்கல்லை வழித்தெடுத்து, வைக்கோல் கலந்த களிமண்ணால் நிரப்பவேண்டும். அது இறுகிய பிறகுதான் பக்கத்து மீற்றர். இதை எக்லி எங்கோ படித்து வைத்திருந்தான், செய்தது கிடையாது. களிமண்ணும் வைக்கோலும் தான் கொண்டுவந்து போடுவதாகச் சொன்னான். கை வேலைக்குத் தனக்கு நேரமில்லை என்றான்.

"எனக்கும் இல்லை," என்றான் றெஜினோல்ட். அடுத்த நாள் காலை உளியோடு வந்தான்.

சீமெந்தை அவன் நன்றாகத்தான் பூசியிருந்தான். அதுவே இப்போது கழுத்தை அறுத்தது. மோசமாகப் பூசியிருந்தால் கையால் உரிந்திருக்கும். பெரிய சுத்தியலால் ஓங்கி அடித்தால் உள்ளே ஈரமண் அதிர்ந்து இறங்கியது. சின்ன உளியால், சின்னச் சின்னத் துண்டாக, பல் பிடுங்குவது போலப் பிடுங்கவேண்டியிருந்தது. உள்ளேயிருந்து வந்த மண் பழைய கிணற்றைப் போல மணத்தது.

மூன்றாம் நாள் பொலிஸ் வந்தது. எதிர்க் குடியிருப்பின் நான்காம் மாடியில் நின்ற ஒரு பெண், கறுத்த மனிதன் ஒருவன் கோயிலை உடைக்கிறான் என்று அறிவித்திருந்தாள். அது பொய்யுமில்லை. இரண்டு பேர் இறங்கினார்கள். அடையாள அட்டை கேட்டார்கள். அவன் தூசி படிந்த கையால் அகதி விண்ணப்பதாரர் அட்டையை நீட்டினான்.

"என்ன செய்கிறாய்?"

"உடைக்கிறேன்."

"ஏன்?"

"நான்தான் கட்டினது. இப்போது உடைக்கிறது."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூத்தவர் அதைக் கொப்பியில் எழுதினார். அந்த நேரம் பார்த்து எக்லி மோட்டார் சைக்கிளில் வந்து, இறங்காமலே தங்கள் பேச்சில் ஏதோ விறுவிறுவென்று சொன்னான். பொலிஸ்காரர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். அவன் என்ன சொன்னான் என்று றெஜினோல்ட் கேட்கவில்லை. நான்காம் மாடிப் பெண் அவன் வேலை முடித்துப் போகும்வரை அங்கேயே நின்றாள். அடுத்த நாளும் நின்றாள்.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் கொறற்றி அக்கா அவனைச் சுவர்ப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். ஒவ்வொரு மீற்றராக வெட்டி எடுத்த மூன்று பட்டைகளும் பல்லுப் போன வாய் போலத் தெரிந்தன.

"ஆரைக் கேட்டு உடைக்கிறியள்?"

"ஆரைக் கேட்டுப் பூசினனாங்கள் அக்கா?"

"பகிடியை விடுங்கோ. சக்கிடுத்தார் வாயைத் திறக்கேல்லை." சாவி வைத்திருக்கும் எக்லியை அவள் ஊர் வழக்கப்படி சக்கிடுத்தார் என்றுதான் சொல்லுவாள். "அவரே பேசாமல் இருக்கேக்கை நீங்கள் ஏன் கிண்டுறியள்? மேலாலை ரெண்டு கை வெள்ளை அடிச்சு விடுங்கோ. வாறவர் பாத்திட்டுப் போகட்டும்."

"வாறவர் குருடர் இல்லை. தட்டிப் பாத்தாலே தெரியும்."

"தெரிஞ்சால் தெரியட்டும். ஆர் பூசினதெண்டு தெரியவேணுமோ? தமிழர் கோயிலை நாசமாக்கிப்போட்டினம் எண்டு நாளைக்குப் பேப்பரிலை வரும். சாவியைப் பறிப்பாங்கள். பிறகு பூசைக்கு எங்கை போறது, உங்கடை பாண் பக்ரரிக்கோ?"

"சுவர் விழுந்தால் மட்டும் பூசை நடக்குமோ?"

"சுவர் விழுறது ஆண்டவற்றை சித்தம். நீங்கள் வாயைத் திறக்கிறது உங்கடை சித்தம்," என்றுவிட்டு அவள் உள்ளே போய் மெழுகுதிரிகளை அணைத்தாள்.

அவள் சொன்னதில் பிழையில்லை. அதுதான் அவனை அலைக்கழித்தது.

காலை ஆறரையிலிருந்து பத்தரைவரை சுவர். பிறகு மூன்று மணித்தியாலம் தூக்கம். பிறகு சமைப்பது, உடுப்புத் தோய்ப்பது, மன்னாரில் இருக்கும் மனைவிக்கு ஒரு கடிதத்தை நாலு நாளாக எழுதுவது. இரவு திரும்ப அடுப்புக்கு முன்னால். மார்ச் முதல் கிழமை, சூடான தட்டில் முழங்கையை வைத்துவிட்டான். எரிந்த மணம் வந்த பிறகுதான் தன் கை என்று விளங்கியது. மேற்பார்வையாளன் அடுத்த தடவை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றான். அனுப்பினால் நல்லது, படுக்கலாம் என்று றெஜினோல்ட் நினைத்தான்.

றேமன்ட் தன் வழக்கத்தில் பகிடி விட்டான். "அண்ணை, உங்கடை சுவருக்குக் காய்ச்சல் எப்பிடி? குளுசை குடுத்தனீங்களோ?" ஆனால் இரண்டு நாள் வந்து களிமண் மிதித்துக் கொடுத்தான். தில்லைநாதன் ஒருநாளும் வரவில்லை. உடைத்த சீமெந்தை மட்டும் இரவோடிரவாக யாரோ அள்ளிக்கொண்டு போனார்கள். அது அவனாகத்தான் இருக்கவேண்டும்.

மார்ச் இருபதுக்குள் ஆறு பட்டைகள் முடிந்தன. ஐந்து மிஞ்சின. நிரப்பிய களிமண் இன்னும் கறுப்பாக, ஈரமாக இருந்தது.

நிபுணர் என்று வந்தது ஒரு பெண். ரப்பர் சப்பாத்து, கம்பளித் தொப்பி. அவளோடு நகரசபை ஆள் ஒருவரும் கோயிலின் பங்குச்சபைத் தலைவரும் வந்தார்கள். எக்லி தபால் உடுப்போடு நின்றான். றெஜினோல்ட் வேலை முடிந்து மாவு படிந்த சப்பாத்தோடு, யாரும் கூப்பிடாமலே, கொஞ்சம் தள்ளி நின்றான். அவள் சுவரைத் தட்டிக்கொண்டு பதினொரு மீற்றரையும் நடந்தாள். ஒரு குத்தூசியை எடுத்துப் பத்து இடத்தில் குத்தினாள். கீழ்ப்பக்கத்தில் ஊசி பிடிவரை போனது. மேற்பக்கத்தில் நின்றுவிட்டது.

"இந்தச் சீமெந்தைப் பூசியது யார்?"

நகரசபை ஆள் பங்குச்சபைத் தலைவரைப் பார்த்தார். தலைவர் எக்லியைப் பார்த்தார். எக்லியின் கழுத்து சிவந்துவிட்டது. "நான் ஊரில் இல்லாத நேரம்..." என்று தொடங்கினான். "வந்த பிறகு நான் ஒன்றும்..." என்று நிறுத்தினான்.

றெஜினோல்டுக்கு நின்றபடியே தூக்கம் வந்துகொண்டிருந்தது. இந்த மனிதன் வசனத்தை முடிக்கப் போவதில்லை என்று தெரிந்தது. ஓகஸ்டிலும் முடிக்கவில்லை. எல்லோரும் இப்படியே நல்லவர்களாக நின்றுகொண்டிருந்தால் சுவர் விழுந்துவிடும்.

"நான்," என்றான். "மேசன். ஓகஸ்ட் மாதம்."

அவள் திரும்பினாள். "இதை எடுப்பது யார்?"

"அதுவும் நான்."

அவள் இரண்டையும் எழுதிக்கொண்டாள். முகத்தில் கோபமும் இல்லை, பாராட்டும் இல்லை. இடுப்பு உயரம்வரை மண்கல் கரைந்திருக்கிறது, அதற்குமேல் உறுதி என்றாள். நிரப்பிய இடம் காய்ந்தால் சுவர் நிற்கும். காயுமா என்பதை இன்றைக்குச் சொல்ல முடியாது. மிஞ்சிய சீமெந்தை இதே முறையில் எடுக்கவேண்டும். செப்டெம்பரில் திரும்ப வந்து பார்த்துவிட்டு எழுதுவேன். அதுவரை யாரும் இடிக்கக்கூடாது.

"ஆறு மாதமா?" என்று நகரசபை ஆள் கத்தினார்.

"மண்ணுக்கு அவசரம் இல்லை," என்றாள் அவள். ஊசியைத் துடைத்துப் பையில் வைத்தாள்.

ஐந்தாம் நாள் கொறற்றி அக்காவுக்குப் பதிவுத் தபால் வந்தது. கையெழுத்து வாங்கியவன் எக்லி. பங்குச்சபையின் கடிதம்: கட்டடத்தின் பாதுகாப்புக் கருதியும், அனுமதியில்லாமல் செய்யப்பட்ட வேலைகளைக் கருதியும், தமிழ்ப் பூசைக்குக் கோயில் இனிக் கிடையாது, சாவியை உடனே ஒப்படைக்கவும். செப்டெம்பருக்குப் பிறகு கிடைக்குமா என்று ஒரு வரியும் இல்லை.

அவள் அந்தக் கடிதத்தோடு நேரே சுவருக்கு வந்தாள். றெஜினோல்ட் ஏழாவது பட்டையில் உளி வைத்திருந்தான்.

"சந்தோசமோ? நான் அண்டைக்கே சொன்னனான். ஆரும் உங்களைக் கேட்டவையோ?"

"பாக்க வந்தவ கேட்டவ அக்கா."

"அவ எல்லாரையும்தான் கேட்டவ! அத்தினை பேர் நிக்கேக்கை உங்களுக்கு மட்டுமோ காது கேட்டது?"

அவன் உளியில் ஒட்டிய சேற்றை வழித்தான்.

"ஈஸ்டர் பூசை இனிப் பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்திலை. பந்து அடிக்கிற வலைக்குக் கீழை பீடம் வைக்கச் சொல்லியிருக்கு. வந்து பாருங்கோ."  அவள் சாவியைப் பையிலிருந்து எடுத்து, கொஞ்சநேரம் கையில் வைத்திருந்து, களிமண் வாளியின் விளிம்பில் வைத்தாள். "உங்கடை சினேகிதனிட்டைக் குடுங்கோ. எனக்கு அவற்றை முகத்தைப் பாக்க ஏலாது."

ஈஸ்டர் பூசைக்கு அவன் போகவில்லை. இரவு வேலை என்றான். உண்மையில் அன்று லீவு. அறையில் பதினொரு மணித்தியாலம் படுத்துக் கிடந்தான்.

மே மாதத்தில் கடைசிப் பட்டையும் முடிந்தது. மண் தெரியும் சுவரில் ஈரம் எந்த உயரம்வரை கறுத்திருக்கிறதோ, அந்த இடத்தில் எக்லி பென்சிலால் ஒரு கோடு போட்டுத் திகதி எழுதினான். கிழமைக்கு ஒரு கோடு. அவர்கள் இரண்டு பேரும் அதைத் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை. எக்லி ஒருமுறை மட்டும், "அன்றைக்கு நான் சொல்ல வந்தேன்," என்றான். "வந்தாய்," என்றான் றெஜினோல்ட்.

ஜூன் கடைசியில் ஒரு காலை, வேலை முடிந்து வந்து பார்த்தான். ஈரம் கடைசிக் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது. நிலத்துக்கு இன்னும் ஒரு முழம் இருந்தது. கணக்குப் பார்த்தால் செப்டெம்பருக்குக் காய்ந்தாலும் காயலாம், காயாமலும் போகலாம். காய்ந்தாலும் அதற்குள்ளே முழந்தாளிடப் போகிறவர்கள் யாரென்று தெரியாது.

எக்லி செருகி வைத்திருந்த பென்சில் ஓட்டிடுக்கில் இருந்தது. அதை எடுத்துப் புதிய கோட்டைத் தானே போட்டான். எதிர்க் குடியிருப்பின் நான்காம் மாடியில் அந்தப் பெண் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு இன்னும் எட்டு நிமிடம். யக்கற்றைக் கழற்றி நிலத்தில் மடித்துப் போட்டு, காயும் சுவரில் சாயாமல், யக்கற்றின் மேலேயே குந்தினான்.